வந்தவர் போக மீதிப் பேர்

இன்று காலை மூலக்குளத்தில் பஸ் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு லவங்கத்தை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். பல்வலியாக இருக்கும். அந்த வாசனை வந்ததும் நான் இறங்க வேண்டிய இடத்தை மறந்துவிட்டேன். இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து ஆபீசுக்கு வந்தேன்.

நீ பாடுவதற்கு முன்னால் ஒரு லவங்கம் கடிப்பாய். தொண்டைக்கு நல்லது என்று யாரோ உனக்குச் சொல்லியிருந்தார்கள். நம் கோயிலில் ஆர்மோனியத்துக்கு வலப்பக்கம் நீ நிற்பாய், உன்னை ஒட்டி நான் நிற்பேன். பாட்டு ஆரம்பிக்கும்போது உன் குரலுக்கு முன்னால் அந்த லவங்க வாசனைதான் என்னிடம் வந்து சேரும்.

மதிய இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். ஊரார் விண்ணப்பங்களையெல்லாம் டைப் அடித்துப் பழகிய கை இது. உனக்கு மட்டும் பேனாவால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவள் நீ. என் கையெழுத்து மட்டும்தான் தடங்கல் இல்லாமல் வாசிக்க வருகிறது என்பாய்.

உன் நைனாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கப்பலில் சமையல்காரராக இருந்தார். வில்லியனூரைச் சுற்றிய நம் பங்கு ஊர்களில் கரும்பு வெட்டுகிறவர்கள் உண்டு, நெல் பயிர் வைக்கிறவர்கள் உண்டு, டவுனில் வேலை பார்க்கிறவர்கள் உண்டு. கப்பலுக்குப் போனவர் அவர் ஒருவர்தான். ஒன்றரை வருடத்துக்கு ஒரு முறை வருவார். வந்தால் உன் அம்மாவை அடுப்படிப் பக்கம் விடமாட்டார். பலகையில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டே ஒரு பாட்டை முனகுவார். எந்தப் பாஷை என்று நமக்குத் தெரியாது. வெங்காயத்தில் கத்தி விழுவதும் பாட்டின் தாளமும் ஒன்றாக இருக்கும். இரண்டு அடி அழுத்தமாக விழும், மூன்றாவது நீண்டு போகும். துடுப்பை இழுத்து, இழுத்து, பிறகு படகை அதன் போக்கில் விடுவது மாதிரி.

அந்தப் பாட்டை அவருக்குத் தந்தவன் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரன். ஸ்காட்லாந்துக்காரன், சிவப்புத் தாடிக்காரன் என்று சொல்வார். வேலை முடிந்ததும் கரியும் எண்ணெயுமாக வந்து சமையலறை வாசலில் உட்காருவானாம். ஒரு கிண்ணம் சூப்பு வாங்கிக் குடித்துவிட்டுப் பாடுவானாம். தினமும் அதே பாட்டு. ஆளுக்கு ஒரு பாஷையாக இருந்தும் அவர்கள் இரண்டு பேரும் சிநேகிதமானது அப்படித்தான். உன் நைனா பாட்டின் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டார், சொற்கள் அவருக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு அடிக்கும் கடைசியில் ஓர் இடம் வரும். அங்கே அவர் உதட்டை மூடிக்கொண்டு மூக்கால் முனகுவார். அங்கே ஏன் சொல் இல்லை என்று நீ ஒரு முறை கேட்டாய்.

"எனக்கு இன்னா தெரியும்? அவன் அந்த எடத்துல வாய மூடிக்குவான். நானும் மூடிக்கினேன்" என்றார்.

நமக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது அவருடைய பெட்டி மட்டும் ஊருக்கு வந்தது. கூடவே கம்பெனிக் கடிதம். அப்போது நான்தான் ஊரில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த பெண். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். காய்ச்சலில் இறந்துவிட்டார், கரை போய்ச் சேர இன்னும் பல நாள் இருந்ததால் முறைப்படி ஜெபம் சொல்லி உடலைக் கடலில் இறக்கினோம் என்று எழுதியிருந்தது. 'இறக்கினோம்' என்ற சொல்லை உன் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அடக்கம் பண்ணிவிட்டார்கள் என்றேன். எங்கே என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்கு முன்னால் நீ சொல்லிவிட்டாய். "கடல்லதாம்மா."

அந்த வருடம் கல்லறைத் திருநாளன்று ஊர் மொத்தமும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. மண்ணை மெழுகிப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். உனக்கு ஏற்ற இடம் இல்லை. நீயும் உன் அம்மாவும் நானும் வீராம்பட்டினத்துக்குப் போனோம். கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நம்மைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி வழி விட்டார்கள். மணலில் மெழுகுவத்தியை ஊன்றினாய். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினாய், மறுபடி அணைந்தது. நான் முந்தானையை விரித்து மறைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. கடைசியில் மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நைனாவின் பாட்டை முனகினாய். பாட்டைக் காற்று ஒன்றும் செய்யவில்லை.

திரும்பி வரும் வழியிலேயே சொற்கள் வர ஆரம்பித்துவிட்டன. அந்த வாரமே என் வீட்டுக்கு வந்து, நோட்டு எடு, எழுது என்றாய்.

கரை தெரியாத கடல்மேலே
விளக்குப் பிடிக்கும் எங்க தாயே
வந்தவர் போக மீதிப் பேர்...

அதற்கு மேல் நீ சொல்லவில்லை. வாயை மூடி முனகினாய். அங்கே ஒரு வரி வேண்டுமே என்றேன். வேண்டாம், நைனாவும் அந்த இடத்தில் ஒன்றும் சொல்லமாட்டார் என்றாய். 'எங்க தாயே' என்பதை 'எங்கள் தாயே' என்று திருத்தினேன். பாடிப் பார்த்துவிட்டு, "எங்கன்னாதாண்டி மூச்சு நிக்குது. உன் இலக்கணத்துக்கு நான் எங்க போய் மூச்சு வாங்கறது?" என்றாய். மற்ற இரண்டு சரணங்களிலும் நான் சில சொற்களை மாற்றினேன். அவற்றை ஒத்துக்கொண்டாய். அந்தச் சில சொற்களை நான் பிறகு மனதில் எவ்வளவு பெரிதாக வளர்த்துக்கொண்டேன் என்பது உனக்குத் தெரியாது.

லத்தீன் போய்த் தமிழில் பூசை வந்த புதிது அது. பாடுவதற்குத் தமிழ்ப் பாட்டுகள் குறைவு. அப்போதிருந்த வயதான பங்குச் சாமியார் உன் பாட்டைக் கேட்டார், நன்றாயிருக்கிறது பாடுங்கள் என்றார். மாதா பாட்டாக அது கோயிலுக்குள் வந்தது. நாலைந்து வருடம் அதைப் பாடினோம். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் மற்ற பாட்டுகளுக்குச் சும்மா நிற்பார்கள். உன் பாட்டில் அந்த முனகல் வந்ததும் கோயில் மொத்தமும் சேர்ந்துகொள்ளும். வயலுக்குப் போய்விட்டு வந்து கடைசியில் நிற்கிற ஆம்பளைகள்கூட அந்த இடத்தில் தொண்டையைத் திறப்பார்கள். சுவரே முனகுகிற மாதிரி இருக்கும். கல்லறைத் திருநாளில் நீ ஆர்மோனியப் பக்கம் நிற்காமல் கல்லறைத் தோட்டத்தின் மதில் ஓரமாக நின்று அதைப் பாடுவாய். உன் நைனாவுக்கு இருந்த கல்லறை அந்தப் பாட்டுதான். இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று உன்னிடம் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வயதானவர் மாற்றலாகிப் போய், இளம் சாமியார் ஒருவர் வந்தார். எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர், கெட்டவர் இல்லை. அந்த வருடம் ஆயர் நம் ஊருக்கு வருவதாக இருந்தது. பூசையின் முடிவில் உன் பாட்டைப் பாடலாம் என்று சாமியார் முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதை அறிவித்தபோது, இந்தப் பாட்டை இயற்றியவர் நம் பங்கைச் சேர்ந்த பெண் என்று உன் பெயரைச் சொன்னார். உன் வீட்டுக்காரர் ஆம்பளைகள் பக்கத்தில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவர் முகம் அன்று பெருமையில் மலர்ந்திருந்ததைப் பார்த்தேன். சாமியார் என் பெயரையும் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. இதை விடப் பெரிய காரணம் இருந்திருக்கக் கூடாதா என்று பல நாள் தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை. பாட்டுக் குழுவை நடத்தியவள் நான், எழுதி வைத்தவள் நான், எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் நான், பெயர் உனக்கு. அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பத்து நாள் கழித்து, டவுனில் ஆபீஸ் முடிந்து பஸ்ஸுக்கு நடந்து போனபோது அந்தப் பாட்டைக் கேட்டேன். ஊரைக் காலி செய்து பிரான்சுக்குப் போகிறவர்கள் விட்டுச் சென்ற சாமான்களை விற்கிற பழைய கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் ஏதோ ஒரு இசைத்தட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பல ஆண்கள் சேர்ந்து பாடுகிறார்கள். உன் நைனாவின் பாட்டு. அதே இரண்டு அடி, அதே நீட்டல், வாயை மூடும் அதே இடம். உள்ளே போய் உறையை வாங்கிப் பார்த்தேன். ஸ்காட்லாந்துக் கடல் பாட்டுகள் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. படத்தில் ஒரு சாராயக்கடை. கப்பல்காரர்கள் நாலைந்து பேர் கையில் கோப்பையோடு, ஒருவன் தோளில் ஒருவன் கை போட்டுச் சிரிக்கிறார்கள். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "கப்பல்காரன் குடிச்சிட்டுப் பாடற பாட்டும்மா இது" என்றார். அவரும் படத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

உன்னிடம் ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டும். உன் நைனா கேட்ட பாட்டை நீயே உன் காதால் கேட்கலாம், வா என்று கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்க வேண்டும். எந்தச் சிநேகிதியும் அதைத்தான் செய்திருப்பாள். நான் தட்டை வாங்கினேன், ஆபீசுக்குக் கொண்டுபோகும் காக்கித் துணிப்பையில் வைத்தேன், நேராகப் பங்கு வீட்டுக்குப் போனேன். உண்மை என்று ஒன்று இருக்கிறது, ஆயருக்கு முன்னால் நம் ஊருக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்றெல்லாம் சாமியாரிடம் சொன்னேன். சொல்லும்போது நானே அதை நம்பினேன் என்பதுதான் வெட்கம்.

சனிக்கிழமை சாயந்திரம் பாட்டுப் பழக்கத்துக்குச் சாமியார் அந்தத் துணிப்பையோடு வந்தார். எல்லாரும் இருந்தார்கள். இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று உன்னை அமைதியாகத்தான் கேட்டார்.

"எங்க நைனா பாட்டு, சாமி" என்றாய்.

அவர் உறையை எடுத்து உன் கையில் கொடுத்தார். நீ ஆர்மோனியத்தின் மேல் அதை வைத்து, குனிந்து வெகுநேரம் பார்த்தாய். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாய். சிவப்புத் தாடிக்காரன் யாராவது இருக்கிறானா என்று தேடுகிறாய் என்று எனக்குத் தோன்றியது. கூட நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். சாராயக்கடைப் பாட்டையா மாதாவுக்குப் பாடினோம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. இந்த மெட்டு கோயிலுக்குத் தகாது, வேறு பாட்டு பார்த்துக்கொள்ளலாம் என்றார் சாமியார். உன் மேல் தப்பில்லை என்றும் சொன்னார். அப்போது உன் பார்வை அவர் கையிலிருந்த காக்கித் துணிப்பைக்குப் போனது. அதன் காது கிழிந்திருந்த இடத்தில் பச்சை நூலால் தைத்துக் கொடுத்தவளே நீதான்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நின்றாய். நான் தப்பிக்க வழி இல்லாமல் வந்து சேர்ந்தேன்.

"பாட்டு கப்பல்லேர்ந்து வந்துச்சின்னு ஊருக்கே தெரியும். நான் எங்கனா மறச்சனா, ரோசு?" என்றாய்.

நான் கோயில் பக்கம் திரும்பினேன்.

"நைனாவுக்குப் பொறவு அந்த எடத்துல நான் வாய மூடறப்ப நீதான் பக்கத்துல நின்ன. அதான் எனக்கு வெளங்கல."

அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன், காலைப் பிடித்திருப்பேன். நீ அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாய். அதற்குப் பிறகு நீ பாட்டுக் குழுவுக்கு வரவில்லை. ஆயர் வந்த அன்று வேறு பாட்டு பாடினோம். நான்தான் முன்னால் நின்றேன். என் குரல் அவ்வளவு தூரத்துக்குப் போகாது என்பது அன்று எல்லாருக்கும் தெரிந்தது.

அந்த வருடக் கல்லறைத் திருநாளில் மதில் ஓரத்தில் உன்னைப் பார்த்தேன். வந்து நின்றாய், பாடவில்லை. கையில் மெழுகுவத்தியும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாய். அடுத்த கோடையில் உன் வீட்டுக்காரர் தன் பங்கு நிலத்தைப் பார்க்கப் பாகூருக்கே குடும்பத்தோடு போய்விட்டார். சாமான் ஏற்றிய வண்டி எங்கள் தெரு வழியாகத்தான் போனது. நான் உள்ளே இருந்தேன். நீ இரண்டு முறை என் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்ததாக என் அம்மா சொன்னார்கள்.

நாலு வருடம் கழித்து ஒரு கணக்கெடுப்பு வேலையாகப் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு என்னை அனுப்பினார்கள். வேலை மத்தியானமே முடிந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் ஏரிக்கரை மேல் நடந்தேன். கீழே நடவு நடந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாகக் குனிந்து பாடிக்கொண்டிருந்தார்கள்.

நடவு முடியாத நெலத்துமேலே
வெயிலத் தணிக்கும் எங்க தாயே...

மூன்றாவது வரி காதில் விழவில்லை. அதற்குப் பிறகு எல்லாரும் வாயை மூடி முனகினார்கள். இரண்டு நாற்று நடுகிற நேரம் பாட்டு அழுத்தமாக விழுந்தது, மூன்றாவது அடி நீளும்போது ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார்கள். துடுப்புக்குச் சரியாக இருந்த தாளம் நாற்றுக்கும் சரியாக இருந்தது. நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

கரையேறி வந்து தண்ணீர் குடித்த ஒரு பெண்ணிடம், இது யார் சொல்லிக் கொடுத்த பாட்டு என்று கேட்டேன். அவள் நெற்றியில் குங்குமம் வியர்வையில் கரைந்திருந்தது.

"வேதக்கார அக்கா ஒண்ணு எங்கூட நடவுக்கு வருவாங்க. அவுங்க மாதா பாட்டுன்னு பாடனாங்க. எங்களுக்கு அந்த மூணு பேரு எடம் ரொம்ப புடிச்சிது, அதான் நாங்க எங்க பேச்சுல போட்டுக்கினோம்" என்றாள். மூன்று பேர் இடம் என்றால் என்ன என்று கேட்டேன். ஊரில் செத்துப் போனவர்கள் மூன்று பேரை நினைத்துக்கொண்டு முனகச் சொல்லி நீதான் சொல்லிக் கொடுத்தாயாம். பேர் சொல்லக் கூடாதாம், நினைத்தால் போதுமாம். பிறகு அவள், "இன்னிக்கி அவுங்க வரல. வூடு அதோ, அந்தத் தென்னமரம் தெரியுது பாரு, அங்கதான். இட்டுக்கினு வரட்டுமா?" என்றாள்.

அந்தத் தென்னை மரத்துக்குப் பத்து நிமிட நடை இருக்கும். அதை வெகுநேரம் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள் என்றேன். யார் வந்ததாகச் சொல்வது என்று கேட்டாள். பெயரைச் சொல்லவில்லை. பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் நிறுத்தத்தில் நின்றேன்.

கோபத்தில் போகாமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதே. வந்து நின்றால் நீ என்னை உட்காரச் சொல்லிக் காப்பி போடுவாய் என்று தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன்.

அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து, தங்குவதற்கான காகிதம் சம்பந்தமாக ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி எங்கள் ஆபீசுக்கு வந்தார். அவருடைய விவரங்களை டைப் அடித்தேன். பிறந்த இடம் என்ற வரியில் ஒரு தீவின் பெயர், அதை அடுத்து ஸ்காட்லாந்து என்றிருந்தது. என் கை நின்றுவிட்டது. வெட்கத்தை விட்டு, பெஞ்சில் காத்திருந்த அவரிடம் போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இந்தப் பாட்டு தெரியுமா என்று கேட்டு மெதுவாக முனகிக் காட்டினேன். அவர் முகம் மாறியது. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். நான் விட்ட இடத்திலிருந்து அவர் பாடினார். ஆபீசில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சொன்னது இது. அவருடைய பாட்டி காலத்தில் கரையோரத்துப் பெண்கள் மீனை அரிந்து உப்புப் போடும் வேலை செய்வார்களாம். பொழுது சாயும்போது படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். கை வேலையை விடாமல், வந்து சேர்ந்த படகுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாடுவார்களாம். வராத படகின் முறை வந்தால் அதன் பெயரைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் போனது போனதுதான் என்று ஆகிவிடும். அதனால் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு முனகுவார்கள். கரைக்கு வராதவர்களுக்கு அங்கே கல்லறையும் கிடையாது. அந்தப் பாட்டுதான். யார் கட்டியது என்று எழுதி வைத்தவர்கள் யாரும் இல்லை. ஒரு விதவை கட்டியது என்பார்களாம், அதற்கு முன்பே தாலாட்டாக இருந்தது என்று சொல்கிறவர்களும் உண்டாம். அந்தப் பெண்களின் பிள்ளைகள் பெரிய கப்பல்களுக்குப் போனபோது அம்மா பாடியதைக் கூடவே கொண்டுபோனார்கள். துடுப்பு இழுக்கும்போது பாடினார்கள், துறைமுகத்தில் குடிக்கும்போதும் பாடினார்கள். சொற்கள் பல தடவை மாறிவிட்டன, முனகல் மட்டும் மாறவில்லை என்றார்.

இவ்வளவு காலம் அது எப்படி நிலைத்தது என்று கேட்டேன். பாடத் தெரியாதவர்களும், பாஷை தெரியாதவர்களும் சேர்ந்துகொள்ள அதில் ஓர் இடம் இருக்கிறது அல்லவா என்றார். ஆளுக்கு ஒரு பேர் உள்ளே இருக்கும், வெளியே ஒரே சத்தம்.

நீ அந்தப் பாஷையில் ஒரு சொல் அறியாதவள். 'வந்தவர் போக மீதிப் பேர்' என்று எழுதியவள். கடலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்கள் வைத்த அர்த்தத்தை நீ வெங்காயம் அரியும் தாளத்திலிருந்து கண்டுபிடித்திருந்தாய். சாராயக்கடைப் படத்தைக் காட்டி நான் உன்னிடமிருந்து பிடுங்கியதை நினைத்து, அன்று டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்து, அடித்த தாளையே மறுபடி மறுபடி அடித்தேன்.

வரும் ஞாயிறு போய் உன்னிடம் இதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அந்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு என் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். இப்படியே நாலைந்து ஞாயிறு போயிற்று. எதுவும் உண்மையான தடை இல்லை. கடைசி ஞாயிறுக்கு அடுத்த புதன்கிழமை உன் வீட்டுக்காரரின் தம்பி எங்கள் தெருவுக்கு வந்து துக்கம் சொன்னார். மஞ்சள் காமாலை. கரும்பு வெட்டு முடியட்டும் என்று வைத்தியத்துக்குப் போகாமல் தள்ளிப்போட்டாயாம்.

உன் அடக்கத்துக்கு வந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போகும் வழியில், ஏரிக்கரையில் நான் பார்த்த பெண்கள் ஓரமாக நின்றிருந்தார்கள். சேற்றுக்காலோடு வந்திருந்தார்கள். ஜெபம் நின்ற இடைவெளியில் அவர்களில் யாரோ ஆரம்பிக்க, மற்றவர்கள் சேர்ந்தார்கள். நடவுப் பாட்டின் சொற்களோடுதான். அந்த ஊர்ச் சாமியார் திரும்பிப் பார்த்தார், பிறகு நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினார். அந்த இடம் வந்ததும் உன்னைத் தூக்கிப் போனவர்களும் முனகினார்கள். பாடத் தெரிந்த நான் மட்டும் உதடு பிரியாமல், சத்தமும் இல்லாமல் நடந்தேன்.

எல்லாம் முடிந்து வீட்டு வாசலில் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது உன் மகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். அன்று அப்பா தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைதான், அதற்குள் பத்து வயதாகியிருந்தது. அழுது முகம் வீங்கியிருந்தது. அப்பா சொல்லி என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். நான் அவளிடம் சொல்ல நினைத்து வந்தது நிறைய. அவள்தான் முதலில் பேசினாள்.

"ரோசு சித்திதான நீங்க? அம்மா உங்களப் பத்திப் பேசிக்கினே இருப்பாங்க. ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் கேப்பேன், ஏன் சித்தி வரலன்னு. ஆபீசுல வேல ஜாஸ்தி, லீவு குடுக்க மாட்டேன்றாங்கன்னு சொல்வாங்க" என்றாள். பிறகு சொம்பைத் தரையில் வைத்துவிட்டு, குறை சொல்லும் நோக்கம் ஒன்றும் இல்லாமல், "இப்ப லீவு கெடச்சிதா, சித்தி?" என்று கேட்டாள்.

கிடைத்தது என்றேன்.

அத்தனை வருடமும் உன் பிள்ளைகளிடம் என்னைக் காப்பாற்றி வைத்திருந்தாய். ஏரிக்கரைப் பெண் என் அங்க அடையாளம் சொல்லியிருப்பாள். அன்றைக்கு வந்து திரும்பிப் போனவள் யார் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும். அதற்கும் ஒரு காரணம் சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்தியிருப்பாய். நீ என் மேல் கோபமாக இருந்தாய் என்ற நினைப்பைத்தான் நான் வசதியாகச் சுமந்துகொண்டிருந்தேன். அதையும் உன் மகள் அந்தத் தண்ணீரோடு கழுவிவிட்டாள்.

இப்போது ஒவ்வொரு வருடமும் உன் நினைவு நாளில் பாகூருக்குப் போகிறேன். உன் மகளுக்குக் கல்யாணமாகி அதே ஊரில்தான் இருக்கிறாள். ஸ்காட்லாந்துப் பெண்மணி சொன்னதை அவளிடம் சொல்லிவிட்டேன். சாமியாரிடமிருந்து திரும்ப வாங்கி வைத்திருந்த அந்த இசைத்தட்டையும் கொடுத்துவிட்டேன், அதை யார் எதற்கு வாங்கியது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். இசைத்தட்டை மாடத்தில் வைத்துவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டாள்.

அந்த ஒரு நாளுக்கு லீவு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதுவேன். போன வருடம் புதிதாக வந்த மேலதிகாரி தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வருடம் தவறாமல் இதே தேதியில் என்ன சொந்த வேலை அம்மா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"பாகூர்ல சிநேகிதி ஒருத்தி இருக்கறா, சார்" என்றேன். "வர்றேன்னு சொல்லி ரொம்ப நாளாச்சு."